வங்கி தம்பிக்கு, புத்தகம் அண்ணனுக்கு! - படங்களின் பூர்வீகம் தேடிய ஆபி வார்பர்க்கின் கதை

13 வயசுல நீங்க போட்ட பெரிய டீல் எது? கிரிக்கெட் பேட்டுக்கு பதிலா வீடியோ கேம், ஹோம்வொர்க்குக்கு பதிலா சாக்லேட்... அதிகபட்சம் அப்படித்தான் இருந்திருக்கும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் 13 வயசுப் பையன் ஒருத்தன் போட்ட டீல் வேற லெவல்.

பையன் பெயர் ஆபி வார்பர்க். 1866 ஜூன் 13 அன்று பிறந்தவன். வீட்டில் ஏழு பிள்ளைகள், அவன்தான் மூத்தவன். வீடு சாதாரண வீடு இல்லை. 1798-ல் தொடங்கிய எம்.எம்.வார்பர்க் வங்கியின் சொந்தக்காரர்களான யூதக் குடும்பம். மூத்த மகன் என்ற முறையில் அடுத்து அந்த நாற்காலியில் ஆபிதான் உட்கார வேண்டும்.

ஆபி, தன்னைவிட ஒரு வயசு சின்னவனான தம்பி மேக்ஸைக் கூப்பிட்டான். மூத்த மகனுக்குள்ள உரிமையை நீயே வைத்துக்கொள். பதிலுக்கு, நான் வாழ்நாள் முழுக்கக் கேட்கிற எல்லாப் புத்தகங்களையும் வாங்கித் தரணும். அவ்வளவுதான் டீல்.

தம்பி யோசித்தான். கதைப் புத்தகம், கவிதைப் புத்தகம்னு எவ்வளவு செலவாகிடப் போகுது? கை குலுக்கிவிட்டான். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்பது மேக்ஸுக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அண்ணன் இறந்த பிறகு, அவரை நினைவுகூர்ந்து பேசும்போது இந்தக் கதையை ஊருக்குச் சொன்னதும் அதே தம்பிதான்.

அந்தப் புத்தகங்களை வைத்து அண்ணன் என்ன செய்தார்? ஒரே ஒரு கேள்வியைத் துரத்தினார். ஒரு படம் நம்மை ஏன் இப்படி ஆட்டிவைக்கிறது? இன்று விளம்பரம், சினிமா, மீம் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஆராயும் 'காட்சிப் பண்பாடு' என்ற துறையின் முன்னோடிகளில் ஒருவர் அவர். அந்தக் கேள்விக்காக அவர் கொடுத்த விலை அதிகம். ஒரு கட்டத்தில் தன் மனநலத்தையே இழந்து, அதே படங்களைப் பிடித்துக்கொண்டு கரையேறி வந்தார்.

அந்தக் கூந்தலில் காற்று எப்படி வந்தது?

பான் பல்கலைக்கழகத்தில் படிக்கச் சேர்ந்தார் ஆபி. வீட்டாருக்குப் பெரிய சந்தோஷம் இல்லை. வங்கியை விட்டுவிட்டுக் கலை வரலாறு படிக்கிற பிள்ளையை யார்தான் கொண்டாடுவார்கள்? 1888-ல் ஆய்வுக்காக இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகருக்குப் போனார். அங்கேதான் ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஓவியரான மேரி ஹெர்ட்ஸைச் சந்தித்தார். மேரி கிறிஸ்தவர். வீட்டில் எதிர்ப்பு. ஆனாலும் காத்திருந்து 1897-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஃப்ளோரன்ஸில் அவர் பிடித்துக்கொண்ட விஷயம், போட்டிசெல்லி வரைந்த 'வீனஸின் பிறப்பு'. சிப்பியின் மேல் ஒரு பெண் நிற்பாளே, அதே ஓவியம்தான். எல்லோரும் அவளுடைய முகத்தைப் பார்த்தார்கள். ஆபி அவளுடைய கூந்தலைப் பார்த்தார். கூந்தல் பறக்கிறது. பக்கத்தில் நிற்பவளின் உடை காற்றில் உப்பி நிற்கிறது. அவ்வளவு அமைதியான முகத்தைச் சுற்றி இவ்வளவு காற்று எதற்கு?

பழங்காலக் கிரேக்கக் கலை என்றாலே அமைதி, நிதானம் என்றுதான் அதுவரை பாடம் நடத்தினார்கள். ஆபி கண்டுபிடித்தது அதற்கு நேர் எதிர். 15-ம் நூற்றாண்டு ஓவியர்களுக்கு வேகமும் தவிப்பும் தேவைப்பட்டபோதெல்லாம், அவர்கள் பழைய கவிதைகளையும் பழைய கல்சவப்பெட்டிகளில் செதுக்கிய சிற்பங்களையும்தான் தேடிப் போனார்கள். அதாவது, பழங்காலத்திலிருந்து அவர்கள் கடன் வாங்கியது அமைதியை மட்டும் இல்லை, கொந்தளிப்பையும்தான். 1893-ல் இந்த ஆய்வு புத்தகமாக வந்தது. அப்போது அவர் இன்னும் இருபதுகளில்தான் இருந்தார்.

அதன்பிறகு அவர் கண்ணுக்கு எல்லா இடத்திலும் இதே கதை தெரிய ஆரம்பித்தது. ஃப்ளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் கிர்லாந்தாயோ வரைந்த ஒரு சுவரோவியம் இருக்கிறது. பிள்ளை பெற்ற வீடு. பார்க்க வந்த பெண்கள் அசையாமல் நிற்கிறார்கள். ஓரத்தில் ஒரு வேலைக்காரப் பெண் தலையில் பழத்தட்டோடு, உடை பறக்க, புயல் மாதிரி உள்ளே நுழைகிறாள். இவளுக்கு என்ன அவசரம்? இவள் அந்த வீட்டு ஆள் இல்லை, பழங்காலச் சிற்பத்திலிருந்து இறங்கி ஓடி வந்தவள் என்றார் ஆபி.

இப்படி உணர்ச்சியைச் சுமந்துகொண்டு காலம் காலமாகப் பயணம் செய்யும் உடல் அசைவுகளுக்கு 'உணர்ச்சி வார்ப்பு' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார். நம்ம பாஷையில் சொன்னால், டெம்ப்ளேட்! ஒரே மீம் டெம்ப்ளேட் ஒருநாள் சிரிப்புக்கும் இன்னொரு நாள் சோகத்துக்கும் பயன்படுகிறது இல்லையா? அதேதான். கிரேக்கத் திருவிழாவில் வெறியோடு ஆடும் பெண்ணின் உடல் அசைவு, பல நூற்றாண்டு கழித்து, சிலுவையடியில் கதறும் மகதலேனா மரியாளிடம் வந்து நிற்கிறது. கை கால் அதே மாதிரி. ஆனால் அர்த்தம் தலைகீழ்!

மின்னல் ஏன் பாம்பாச்சு?

1895-ல் இன்னொரு தம்பியான பாலின் கல்யாணத்துக்காக நியூயார்க் போனார். அமெரிக்க மத்திய வங்கி உருவாக மூளையாக இருந்தவர்களில் ஒருவர் என்று பின்னாளில் பெயர் வாங்கிய அதே பால் வார்பர்க்தான். பணக்கார விருந்துகள் ஆபிக்குப் பிடிக்கவில்லை. ரயில் ஏறி நியூ மெக்ஸிகோ, அரிசோனா பக்கம் போய்விட்டார். அங்கே பூர்வகுடிகளான ப்யூப்லோ, ஹோப்பி மக்களின் ஊர்களில் சுற்றினார். போட்டோ எடுத்தார். 1896-ல் ஒராய்பி என்ற ஊரில் முகமூடி நடனம் பார்த்தார்.

வறண்ட பூமி அது. மழை வந்தால்தான் சோளம், சோளம் இருந்தால்தான் உயிர். ஹோப்பி மக்களின் ஒரு சடங்கில் உயிருள்ள விஷப்பாம்புகளை வாயில் கவ்விப் பிடித்து ஆடுவார்கள். பிறகு அவற்றைக் கொல்லாமல், மழையைக் கூட்டிவரச் சொல்லி விட்டுவிடுவார்கள். வளைந்து நெளியும் பாம்பும் வானத்தில் நெளியும் மின்னலும் அவர்களுக்கு ஒன்று. இந்தப் பாம்பு நடனத்தை ஆபி நேரில் பார்க்கவில்லை, கேட்டும் படித்தும்தான் தெரிந்துகொண்டார்.

ஆனால் ஒரு சின்ன சோதனை செய்தார். அங்கிருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் இடி மின்னலோடு ஒரு கதை சொல்லி, படம் வரையச் சொன்னார்கள். 14 படங்கள் வந்தன. பள்ளியில் கற்றுக்கொடுத்தபடி மின்னலை வெறும் கோடாக வரைந்தவர்கள் 12 பேர். மீதி 2 பேர் வரைந்தது அம்புத் தலையோடு நெளியும் பாம்பு! பாடம் மாறினாலும், பழைய படம் உள்ளே உயிரோடு இருக்கிறது.

ராசி மண்டலத்தில் ஒரு துப்பறியும் வேலை

அடுத்தது நமக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற கதை. இத்தாலியின் ஃபெராரா நகரில் ஸ்கிஃபனோயா என்ற அரண்மனை இருக்கிறது. 1470 வாக்கில் அதன் கூடத்தில் மாதங்களைப் படமாக வரைந்தார்கள். மேலே கடவுளர்கள், கீழே அரசரின் அன்றாட வாழ்க்கை. நடுவில் ராசியும், ராசிக்கு மூன்று பேர் வீதம் விநோதமான உருவங்களும். மார்ச் மாதத்தில், மேஷ ராசியின் பக்கத்தில் நிற்கிறார் ஒரு கறுத்த மனிதர். கிழிந்த வெள்ளை உடை, இடுப்பில் கயிறு. யார் இவர்? யாருக்கும் தெரியவில்லை.

ஜாதகம் தெரிந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் 'திரேக்காணம்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். ஒரு ராசியின் 30 பாகையை மூன்றாகப் பிரிப்பது. 12 ராசிக்கு மொத்தம் 36. அந்த 36-க்கும் ஆளுக்கொரு உருவத்தை 6-ம் நூற்றாண்டிலேயே 'பிருஹத் ஜாதகம்' என்ற நூலில் எழுதிவைத்தவர் வராகமிஹிரர். மேஷத்தின் முதல் திரேக்காணத்துக்கு அவர் சொன்ன உருவம், இடுப்பில் வெள்ளைத் துணி கட்டிய கறுத்த ஆள்!

ஃபிரான்ஸ் போல் என்ற அறிஞர் பழைய நட்சத்திர உருவங்களைப் பற்றி 1903-ல் வெளியிட்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆபி நூல் பிடித்துப் போனார். எகிப்து, கிரேக்கம் வழியாக இந்தியா. இங்கிருந்து 9-ம் நூற்றாண்டில் அபு மஃஷர் என்ற ஜோதிட அறிஞரின் அரபு நூல். அங்கிருந்து ஹீப்ரு, லத்தீன். கடைசியில் ஃபெராரா அரண்மனைச் சுவர். கையில் ஆயுதம் ஏந்திய கிரேக்க வீரன் பெர்சியூஸ்தான், இவ்வளவு நாடு சுற்றி, ஆள் அடையாளம் தெரியாமல் மாறி வந்து நிற்கிறான் என்பது அவர் முடிவு.

1912-ல் ரோமில் நடந்த சர்வதேச மாநாட்டில் இதை அறிவித்தார். ஓவியத்தைப் புரிந்துகொள்ள அழகைப் பற்றி மட்டும் பேசினால் போதாது, ஜோதிடம், மதம், வியாபாரம் என எல்லா வேலியையும் தாண்டணும் என்று காட்டிய உரை அது. அதே காலத்தில் ஹாலே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பதவி தேடி வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். அவருக்குத் தன் புத்தகங்கள் போதும்!

நல்ல பக்கத்து வீட்டுக்காரர் விதி

டீல் ஞாபகம் இருக்கிறதா? தம்பி மேக்ஸ் வாக்குத் தவறவில்லை. புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. 1909-ல் ஹாம்பர்க்கின் ஹைல்விக் தெருவில் வாங்கிய வீடு புத்தகத்தால் நிறைந்தது. 1913-ல் ஃபிரிட்ஸ் சாக்ஸல் என்ற இளம் அறிஞர் உதவிக்கு வந்தார்.

நூலகத்தில் ஆபி வைத்த முறை விசித்திரமானது. அகர வரிசை கிடையாது, அளவு வரிசையும் கிடையாது. வானியலுக்குப் பக்கத்தில் ஜோதிடம், அதற்குப் பக்கத்தில் மந்திரம். நீங்கள் தேடி வந்த புத்தகத்தைவிட, அதன் பக்கத்தில் இருக்கும் புத்தகம்தான் உங்களுக்குத் தேவைப்பட்டதாக இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அதற்கு 'நல்ல பக்கத்து வீட்டுக்காரர் விதி' என்று பெயர். ஒரு புது யோசனை வந்தால் போச்சு, மறுபடியும் எல்லா அலமாரியையும் கலைத்து அடுக்குவார்.

1920-ல் தத்துவ அறிஞர் எர்ன்ஸ்ட் கசீரர் அந்த நூலகத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒன்று இங்கிருந்து ஓடிவிடணும், இல்லை வருஷக்கணக்கில் இங்கேயே கைதியாகிடணும் என்ற அர்த்தத்தில் சாக்ஸலிடம் பேசிவிட்டுப் போனார். பிறகு அவரும் அந்த நூலகத்தின் முக்கிய வாசகராகிவிட்டார்.

ஆனால் கசீரர் வந்த அன்று நூலகத்தில் ஆபி இல்லை.

உடைந்த மனசு

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியதும் ஆபியால் தூங்க முடியவில்லை. செய்தித்தாள்களைக் கத்தரித்தார், ஒட்டினார், வகைப்படுத்தினார். வீட்டில் எல்லோரையும் அந்த வேலையில் இறக்கினார். போர்ச் செய்திகளிலும் பிரசாரப் படங்களிலும் பழைய பயங்களும் மூடநம்பிக்கைகளும் திரும்பி வருவதை அவர் கண்ணால் பார்த்தார். இன்று நாம் நடுராத்திரியில் கெட்ட செய்திகளை நிறுத்த முடியாமல் ஸ்க்ரோல் செய்கிறோமே, கிட்டத்தட்ட அந்த நிலை. நான்கு வருஷம்!

1918 நவம்பரில் ஜெர்மனி தோற்றது. ஆபியின் மனசும் உடைந்தது. எதிரிகள் வந்து குடும்பத்தைச் சித்திரவதை செய்யப்போகிறார்கள் என்ற பயத்தில் கையில் துப்பாக்கியை எடுத்தார். எல்லோரையும் கொன்றுவிட்டுத் தானும் சாவதாக மிரட்டினார். நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஹாம்பர்க், யேனா, பிறகு 1921-ல் சுவிட்சர்லாந்தின் க்ரோய்ட்ஸ்லிங்கனில் இருந்த பெல்வ்யூ மருத்துவமனை. அங்கே அவரைப் பார்த்துக்கொண்டவர் புகழ்பெற்ற மருத்துவர் லூட்விக் பின்ஸ்வாங்கர்.

காலை நேரங்கள் கொடுமையாக இருந்தன. கத்துவார், குடும்பத்தைக் கொல்கிறார்கள் என்று நம்புவார். அறைக்குள் வரும் விட்டில்பூச்சிகளிடம் மணிக்கணக்கில் பேசுவார். மதியம் ஆனால் கொஞ்சம் அமைதி. டீ குடிப்பார், வந்தவர்களோடு தெளிவாகப் பேசுவார். மனித பயம் எப்படிப் படமாகிறது என்று ஆராய்ந்த மனிதர் இப்போது அந்தப் பயத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். 1923-ல் எமில் க்ரெபெலின் என்ற பெரிய மருத்துவர் வந்து பார்த்து, இது மீளக்கூடிய நோய்தான் என்று சொன்னது சின்ன நம்பிக்கையைக் கொடுத்தது.

மருத்துவமனையில் ஒரு உரை

ஆபி ஒரு கோரிக்கை வைத்தார். எனக்கு இன்னும் யோசிக்க முடியும் என்று காட்டுகிறேன், ஓர் உரை நிகழ்த்த விடுங்கள். மருத்துவர்கள் சம்மதித்தார்கள். தயாரிப்புக்கு சாக்ஸல் வந்து உதவினார். அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, 27 வருஷத்துக்கு முன்னால் ஹோப்பி மக்களிடம் கண்ட பாம்பு.

1923 ஏப்ரல் 21. கூடியிருந்தவர்கள் நோயாளிகள், மருத்துவர்கள், சில விருந்தினர்கள். ஸ்லைடுகள் ஓடின. ஆபி பேசினார். மனிதன் தன்னை மிரட்டும் இயற்கைக்கும் தனக்கும் நடுவில் ஒரு படத்தை வைக்கிறான். அந்தப் படம் கொடுக்கும் இடைவெளியில்தான் அவனால் மூச்சு விட முடிகிறது, யோசிக்க முடிகிறது. மின்னலைப் பாம்பாக்குவது அதற்குத்தான். பைபிளில் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பும், கிரேக்க மருத்துவக் கடவுள் அஸ்க்லீப்பியஸின் கோலில் சுற்றிய பாம்பும் அந்த வரிசையில் வந்தன. பயமே மருந்தாக மாறுகிறது.

கடைசிப் படம், சான் ஃபிரான்சிஸ்கோ தெருவில் தொப்பி போட்ட ஒரு மனிதர் நடந்து போகும் போட்டோ. தலைக்கு மேலே மின்சாரக் கம்பி. பாம்பாக இருந்த மின்னலைக் கம்பிக்குள் அடைத்துவிட்டோம், இனி பயமில்லை. ஆனால் தந்தியும் தொலைபேசியும் எல்லாவற்றையும் நொடியில் பக்கத்தில் கொண்டுவரும்போது, யோசிப்பதற்கான அந்த இடைவெளியையும் அழித்துவிடுமோ என்று கவலைப்பட்டார். 1923-லேயே!

அன்றே அவர் குணமாகிவிடவில்லை. அதெல்லாம் சினிமாவில்தான். ஆனால் அந்த உரையிலிருந்து ஏறுமுகம். 1924 ஆகஸ்ட்டில் வீடு திரும்பினார். அந்த உரை அச்சாகக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தும், இறந்து பத்து வருஷம் கழித்து 1939-ல் வெளியானது. இன்று அவருடைய எழுத்துகளில் அதிகம் படிக்கப்படுவது அதுதான். தங்கள் சடங்குப் படங்களை இப்படிப் பொதுவில் காட்டுவதை ஹோப்பி மக்கள் எதிர்க்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கறுப்புத் துணியில் ஓர் உலகம்

அவர் இல்லாத ஆறு வருஷமும் சாக்ஸல் நூலகத்தைக் காத்தார். கெர்ட்ரூட் பிங் என்ற இளம் பெண் அறிஞரும் சேர்ந்துகொண்டார். ஜெர்மனியில் பணம் வெறும் காகிதமாகிப்போன காலத்தில், அமெரிக்காவில் இருந்த தம்பிகளின் டாலர்தான் புத்தகம் வாங்க உதவியது. 1926 மே மாதம் புதுக் கட்டடம் திறந்தார்கள். வாசலுக்கு மேலே ஒரே ஒரு சொல், நிமொசினி. கிரேக்கத்தில் நினைவின் தெய்வம்.

கடைசி வருஷங்களில் ஆபி செய்த வேலைக்கும் அதே பெயர்தான். பெரிய பலகைகளில் கறுப்புத் துணி போர்த்தி, அதில் படங்களைக் குத்திவைத்தார். சிற்பம், ஓவியம், தபால்தலை, செய்தித்தாள் படம், விளம்பரம் எல்லாம் ஒரே பலகையில். கிரேக்கத் தேவதை இருக்கும் அதே தொகுப்பில் கோல்ஃப் விளையாடும் ஒரு பெண்ணின் போட்டோவும் இருக்கும். விளக்கம் மிகக் குறைவு. பார்ப்பவர்தான் முடிச்சுப் போட வேண்டும். படத்தை மாற்றி மாற்றிக் குத்துவார், போட்டோ எடுத்து வைப்பார், மறுபடி கலைப்பார். கடைசி வடிவத்தில் 63 பலகைகள், சுமார் 970 படங்கள்.

நம்ம போன் கேலரியோ பின்ட்ரெஸ்ட் போர்டோ ஞாபகம் வருகிறதா? ஒரு வித்தியாசம் இருக்கிறது. நமக்கு அடுத்த படத்தைத் தேர்ந்தெடுப்பது அல்காரிதம். இந்தப் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் படம் ஏன் என்று ஒவ்வொரு தடவையும் ஆபி தன்னையே கேட்டுக்கொண்டார்.

வேலை முடியவில்லை. 1929 அக்டோபர் 26 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 63.

இரண்டு கப்பல்கள்

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மே மாதம் ஜெர்மனித் தெருக்களில் புத்தகங்களை எரித்தார்கள். ஒரு யூதர் சேர்த்த நூலகம் எத்தனை நாள் தப்பிக்கும்? சாக்ஸலும் பிங்கும் வேகமாக வேலை செய்தார்கள். வார்பர்க் குடும்பம் துணை நின்றது. லண்டனுக்கு மூன்று வருஷ இரவல் என்று காகிதத்தில் எழுதினார்கள். அந்த டிசம்பரில் ஹெர்மியா, ஜெஸிக்கா என்ற இரண்டு சின்னக் கப்பல்கள் 531 பெட்டிகளோடு ஹாம்பர்க்கை விட்டுப் புறப்பட்டன. உள்ளே சுமார் 60,000 புத்தகங்களும் ஆயிரக்கணக்கான படங்களும்.

இரவல் போன புத்தகங்கள் திரும்பி வரவே இல்லை. 1944-ல் அந்த நூலகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் பகுதியானது. வார்பர்க் இன்ஸ்டிட்யூட் என்ற பெயரில் இன்றும் அங்கே இருக்கிறது. படம், சொல், திசையறிதல், செயல் என்று நான்கு பகுதிகளாக, பக்கத்து வீட்டுக்காரர் விதிப்படி புத்தகங்கள் நிற்கின்றன. கறுப்புப் பலகைகளை அவர் வைத்திருந்த அசல் படங்களோடு மறுபடி நிறுத்தி, 2020-ல் பெர்லினில் கண்காட்சி நடத்தினார்கள்.

தம்பிக்குக் கொடுத்த வங்கி? 1938-ல் நாஜிகளின் நெருக்கடியில் குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. மேக்ஸ் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். போருக்குப் பின் குடும்பம் அந்த வங்கிக்குள் மறுபடி வந்தது வேறு கதை.

ஆனால் அந்த இருட்டில் வார்பர்க் பெயரில் முழுசாகக் கரை சேர்ந்தது, 13 வயசு அண்ணன் கேட்ட புத்தகங்கள்தான். காசு கொடுத்தது 12 வயசுத் தம்பி!